கடல் இல்லாத ஊரின் கடலோர இசை

அமெரிக்க வரைபடத்தில் கான்சாஸ் மாநிலத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். நட்டநடுவில் விரல் வைத்தால் போதும். அலாஸ்காவையும் ஹவாயையும் ஒதுக்கிவிட்டு மீதி 48 மாநிலங்களுக்கு மையப்புள்ளி குறித்தால், அது கான்சாஸில் லெபனான் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் விழுகிறது. அங்கிருந்து கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் ஆயிரம் மைல் தாண்டினால்தான் கடல். சுற்றிலும் கோதுமை விளையும் சமவெளி.

அந்த மாநிலத்தின் லாரன்ஸ் நகரில், கான்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து இயங்கும் கான்சாஸ் பப்ளிக் ரேடியோவில், சனிக்கிழமை இரவானால் தென்கடல் தீவு ஒன்று முளைத்துவிடும். கிளி கத்தும், தவளை கூப்பிடும், பாங்கோ மத்தளம் மெல்லக் கொட்டும். டேரல் பிராக்டன் 1990களில் தொடங்கி வளர்த்த அந்த நிகழ்ச்சியின் பெயர் 'ரெட்ரோ காக்டெயில் அவர்'. ஒரு மணி நேரம் என்பது பெயரில்தான். ஓடுவது இரண்டு மணி நேரம். தரைக்கடியில் இருக்கும் மார்ட்டினி பங்கர் ஒன்றிலிருந்து ஒலிபரப்பாவதாக ஒரு பாவனை. பாவனைதான் என்று நேயர்களுக்கும் தெரியும்.

அதில் சுழல்பவை பெரும்பாலும் 1950, 60களின் இசைத்தட்டுகள். லவுஞ்ச், ஜாஸ், எக்ஸாட்டிகா என்று மூன்று வகை. ஒரு காலத்தில் அமெரிக்க வரவேற்பறைகளை நிரப்பியவை, பிறகு பழைய சாமான் கடைகளில் தூசி படிந்து கிடந்தவை, இன்று தேடித் தேடிக் கேட்கப்படுபவை. இவற்றின் பின்கதையைக் கிளறினால் பொய்க்குள் பொய்யாக வருகிறது. ஆனால் அத்தனையும் கைதேர்ந்தவர்கள் செய்த பொய்கள்.

மூன்று வாசல்

லவுஞ்ச் என்பது ஹோட்டல் வரவேற்புக் கூடத்து இசை. பேச்சை மறிக்காமல், கோப்பைச் சத்தத்தோடு கலந்து ஒலிக்க வேண்டும். 'புதிய பறவை'யில் (1964) சௌகார் ஜானகி கிளப் மேடையில் பாடும் பாட்டு நினைவிருப்பவர்களுக்கு அந்த மயக்கம் எப்படிப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை. ஜாஸ் இங்கே கொஞ்சம் சட்டை மாற்றிக்கொண்டு வரும். 1958-இல் தொலைக்காட்சியில் வந்த துப்பறியும் தொடர் 'பீட்டர் கன்'னுக்கு ஹென்றி மான்சினி போட்ட இசை அதற்கு நல்ல உதாரணம். 1959-இல் முதன்முறையாகக் கிராமி விருதுகள் வழங்கப்பட்டபோது, ஆண்டின் சிறந்த ஆல்பம் என்ற விருது அதற்குத்தான் போனது.

மூன்றாவது வாசல் எக்ஸாட்டிகா. கேட்பவர் போயிராத தீவுகளையும் காடுகளையும் கோயில்களையும் ஒலியால் கட்டிக் காட்டுவது இதன் வேலை. பெரும்பாலும், கட்டியவரும் போயிருக்க மாட்டார்.

இந்த மூன்றுக்கும் அடியில் இருந்தது ஒரு தொழில்நுட்பம். 1948-இல் கொலம்பியா நிறுவனம் நீண்ட நேரம் ஓடும் எல்.பி. இசைத்தட்டைக் கொண்டுவந்தது. அதுவரை நாலு நிமிடத்துக்குள் ஒரு பக்கம் தீர்ந்து, எழுந்து போய்த் தட்டைத் திருப்பிப் போட வேண்டியிருந்தது. இப்போது இருபது நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்த இடத்திலேயே கேட்கலாம். 'மாலை நேரத்துக்கு ஒரு தட்டு, விருந்துக்கு ஒரு தட்டு' என்று மனநிலையை விற்கும் வியாபாரம் அப்போதுதான் பிறந்தது. தொலைக்காட்சி நகைச்சுவை நடிகர் ஜாக்கி கிளீசன் 1952-இல் காதலர்களுக்கென்றே ஓர் ஆல்பம் வெளியிட்டு விற்றுத் தீர்த்தார். அவருக்கு இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது!

ஷெல் பார் தவளைகள்

எக்ஸாட்டிகாவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர் மார்ட்டின் டென்னி. 1911-இல் நியூயார்க்கில் பிறந்த பியானோ கலைஞர். இளமையில் ஓர் இசைக்குழுவோடு தென் அமெரிக்காவில் ஆண்டுக்கணக்கில் சுற்றியவர். 'டான் தி பீச்கோம்பர்' என்ற தீவு அலங்கார மதுக்கூடத்தில் வாசிக்க 1954-இல் ஹொனலுலுவுக்கு வந்தார். வந்தவர் அங்கேயே தங்கிவிட்டார்.

அடுத்து அவர் போய்ச் சேர்ந்த இடம் வைக்கிக்கி கடற்கரையில் ஹவாயன் வில்லேஜ் ஹோட்டலின் ஷெல் பார். திறந்தவெளி மேடை, பக்கத்தில் ஒரு சிறு குளம். ஒரு நாள் இரவு குழு வாசிக்கத் தொடங்கியதும் குளத்துத் தவளைகளும் கத்தத் தொடங்கின. வாசிப்பு நின்றதும் அவையும் நின்றன. மறுபடி வாசித்தால் மறுபடி கத்தல். தாளக்கருவி வாசித்த ஆகி கோலோனுக்குக் குஷி பிறந்து பறவைகளைப் போலக் குரல் கொடுக்க, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். விளையாட்டாக முடிந்திருக்க வேண்டிய விஷயம். மறுநாள் விருந்தாளி ஒருவர் வந்து, அந்தப் பறவையும் தவளையும் வருகிற உருப்படியை மறுபடி வாசிக்க முடியுமா என்று கேட்டார். டென்னி அந்த வேண்டுகோளை விடவில்லை. தவளைச் சத்தத்துக்குப் பல் பல்லாக வெட்டிய மரக்கட்டையைக் குச்சியால் தேய்த்தார்கள். பறவைகளைக் குழுவினர் தொண்டையாலேயே கொண்டுவந்தார்கள்.

முதல் ஆல்பம் 1956 டிசம்பரில் வைக்கிக்கியில் பதிவானது. பதிவு நடந்த ஸ்டூடியோ வெப்லி எட்வர்ட்ஸுடையது. இவர் வேறு யாருமில்லை. 1935 முதல் மொவானா ஹோட்டலின் ஆலமரத்தடியிலிருந்து 'ஹவாய் கால்ஸ்' என்ற நிகழ்ச்சியை அமெரிக்கக் கண்டம் முழுக்க ஒலிபரப்பியவர். கரையில் அலை மோதும் சத்தத்தையும் மைக்கில் பிடித்து அனுப்பிய நிகழ்ச்சி அது. பனியில் உறைந்த ஊர்களில் உட்கார்ந்திருந்தவர்களை ஹவாய்க்காக ஏங்க வைத்ததில் அதற்குப் பெரிய பங்குண்டு. ஆக, எக்ஸாட்டிகா பிறந்த தொட்டிலே ஒரு வானொலிக்காரரின் வீட்டில்தான் ஆடியது.

ஆல்பத்துக்கு 'எக்ஸாட்டிகா' என்று பெயர் வைத்தவர் லிபர்ட்டி இசைத்தட்டு நிறுவனத்தின் சை வாரன்கர். அட்டையில் மூங்கில் தட்டிக்குப் பின்னாலிருந்து பார்க்கும் சாண்ட்ரா வார்னர் என்ற மாடல். அடுத்தடுத்த ஆல்பங்களிலும் அவரேதான். ஒவ்வொன்றுக்கும் ஏற்றபடி தலைமுடியின் நிறம் மட்டும் மாறும். 1959-இல் ஆல்பம் பில்போர்டு பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. அதிலிருந்த 'குவயட் வில்லேஜ்' தனித்தட்டாகவும் வந்து நான்காம் இடத்தைத் தொட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 21-இல் ஹவாய் அமெரிக்காவின் 50-ஆவது மாநிலமானது. இதைவிடப் பொருத்தமான நேரம் வாய்த்திருக்காது.

ஹாலிவுட்டில் முளைத்த காடு

'குவயட் வில்லேஜ்' டென்னியின் சொந்தச் சரக்கல்ல. 1951-இல் லெஸ் பாக்ஸ்டர் தன் 'ரிச்சுவல் ஆஃப் தி சேவேஜ்' ஆல்பத்துக்காக எழுதியது. டெக்சாஸில் பிறந்த பாக்ஸ்டர் ஹாலிவுட் இசைக்காரர். பின்னாளில் ரோஜர் கார்மனின் திகில் படங்களுக்கு இசை போட்டவர். காடும் கிராமமும் அவருக்கு வயலின் வரிசைக்கும் மத்தளத்துக்கும் நடுவில் உருவாயின.

அவர் கைபட்ட வேறு இரண்டு தட்டுகளையும் சொல்ல வேண்டும். ஒன்று, 1947-இல் வந்த 'மியூசிக் அவுட் ஆஃப் தி மூன்'. தொடாமலே வாசிக்கும் தெரமின் என்ற மின்கருவி அதில் ஆவியைப் போல ஊளையிடும். வாசித்தவர் சாமுவேல் ஹாஃப்மன். தொழில்முறையில் கால் வைத்தியர். இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து அப்போலோ 11-இல் நிலவுக்குப் போன நீல் ஆம்ஸ்ட்ராங், திரும்பும் வழியில் கேட்க ஒலிநாடாவில் எடுத்துப்போன இசைகளில் அதுவும் ஒன்று.

இன்னொன்று 1950-இல் வெளியான 'வாய்ஸ் ஆஃப் தி ஷ்டாபே'. பாடியவர் பெருவைச் சேர்ந்த யிமா சுமாக். ஆழ்ந்த கர்ஜனையிலிருந்து குருவிக் கீச்சுவரை நான்கு ஸ்தாயிக்கு மேல் ஏறி இறங்கும் குரல். இன்கா மன்னர் அதவால்பாவின் வம்சம் என்று விளம்பரப்படுத்தினார்கள். நம்ப முடியாத குரல் என்பதால் ஊரே ஒரு வதந்தியை நம்பியது. இவர் உண்மையில் புரூக்ளினைச் சேர்ந்த குடும்பப் பெண், பெயர் ஏமி கேமஸ், எழுத்துகளைத் தலைகீழாகப் போட்டு யிமா சுமாக் ஆகிவிட்டார் என்று! அது சுத்தப் பொய். அவர் அசல் பெருக்காரர்.

நள்ளிரவில் அலுமினியக் குவிமாடம்

1950களின் கடைசியில் ஸ்டீரியோ தட்டுகள் வந்தன. வாங்கிய புதுக் கருவியின் பெருமையை விருந்தாளிக்குக் காட்ட ஏதாவது வேண்டுமே! இடது பக்கம் கிளி, வலது பக்கம் மத்தளம் என்று வீட்டுக்குள் காட்டை விரித்துக் காட்டும் எக்ஸாட்டிகாவுக்கு அப்போது கிராக்கி கூடியது. முதலில் மோனோவில் பதிவான டென்னியின் ஆல்பத்தையே 1958-இல் ஸ்டீரியோவில் மறுபடி பதிவு செய்தார்கள்.

ஸ்டீரியோவின் ருசியைக் காட்டியவர்களில் ஆர்தர் லைமனுக்குத் தனி இடம். ஹவாய்த் தீவுகளில் பிறந்து வளர்ந்தவர். டென்னியின் குழுவில் வைப்ரஃபோன் வாசித்தவர். 1957-இல் பிரிந்து தனிக்குழு கண்டார். 'டாபூ' போன்ற அவரது ஆல்பங்கள் ஹவாயன் வில்லேஜ் வளாகத்தில் தொழிலதிபர் ஹென்றி கைசர் எழுப்பியிருந்த அலுமினியக் குவிமாடத்துக்குள் பதிவாயின. போரின்போது கப்பல் கட்டியவர் கைசர். பிறகு அலுமினியத்தில் இறங்கினார், பிறகு ஹோட்டலில். குவிமாடத்துக்குள் ஒலி அலைந்து தேய்ந்து அடங்கும் விதத்தை எந்த ஸ்டூடியோவாலும் தர முடியவில்லை. பகலில் தெருச் சத்தம் உள்ளே வரும் என்பதால் நள்ளிரவுக்குப் பிறகு உட்கார்ந்து வாசித்தார்கள். லைமன் தட்டும் ஒவ்வொரு உலோகத் தகட்டின் அதிர்வும் காற்றில் தொங்கிக் கரைவதை இன்றைக்கும் நல்ல ஹெட்போனில் கேட்கலாம்.

மெக்சிகோவின் ஹுவான் கார்சியா எஸ்கிவெல் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார். 1962-இல் வெளியான 'லாட்டின்-எஸ்க்' ஆல்பத்துக்கு இடப்பக்க ஒலியும் வலப்பக்க ஒலியும் ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாது என்று வாத்தியக்காரர்களை இரண்டாகப் பிரித்துத் தனித்தனி ஸ்டூடியோக்களில் உட்கார வைத்து, ஒரே நேரத்தில் வாசிக்க வைத்தார். பாடகர்களுக்குப் பாடல் வரிகூடக் கிடையாது. 'சூ-சூ-சூ' என்று சத்தம் மட்டும்தான். விசிலும் பியானோவும் பித்தளைக் கருவிகளும் அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பாயும்.

டெல்லியிலிருந்து வராத பண்டிட்

நமக்கு நேரடிச் சம்பந்தமுள்ள பொய் ஒன்றும் இந்தக் கதையில் உண்டு. 1949-இல் லாஸ் ஏஞ்சலஸின் கே.டி.எல்.ஏ. தொலைக்காட்சியில் பதினைந்து நிமிட நிகழ்ச்சி ஒன்று தொடங்கியது. நெற்றிக்கு மேல் ரத்தினம் பதித்த தலைப்பாகை. கண் இமைக்காத பார்வை. விரல்கள் ஹாமண்ட் ஆர்கனில் ஓடும். வாய் மட்டும் திறக்காது. பெயர் கோர்லா பண்டிட். டெல்லியில் பிராமணத் தந்தைக்கும் பிரெஞ்சு ஆபரா பாடகித் தாய்க்கும் பிறந்தவர் என்பது அவரே பரப்பிய வரலாறு. கலிஃபோர்னியக் குடும்பத்தலைவிகள் சொக்கிப்போனார்கள். எக்ஸாட்டிகா ரசிகர்கள் இன்று அவரை முன்னோடி என்று கொண்டாடுகிறார்கள்.

அவர் 1998-இல் இறந்தார். 2001-இல் லாஸ் ஏஞ்சலஸ் பத்திரிகை ஒன்று உண்மையை வெளியிட்டது. அவர் 1921-இல் மிசௌரி மாநிலத்தில் பிறந்த ஜான் ரோலண்ட் ரெட். கறுப்பின பாதிரியாரின் மகன். இந்தியாவோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கோர்லா ஆவதற்கு முன் ஹுவான் ரோலாண்டோ என்ற பெயரில் மெக்சிகோக்காரராகவும் இருந்து பார்த்திருக்கிறார்.

ஏமாற்றுக்காரர் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது. லாஸ் ஏஞ்சலஸில் இசைக்கலைஞர் சங்கமே 1953 வரை வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பருக்கு ஒன்று என்று பிரிந்து கிடந்தது. நல்ல சம்பள வேலைகள் எந்தப் பக்கம் போயின என்பதைச் சொல்லத் தேவையில்லை. கறுப்பராக நுழைய முடியாத வாசலில் அவர் இந்தியராக நுழைந்தார். தலைப்பாகையைக் கழற்றாமல் அரை நூற்றாண்டு வாழ்ந்தார்.

அசல் பெருக்காரியை அமெரிக்கா போலி என்றது. போலி இந்தியரை அசல் என்று கொண்டாடியது. எக்ஸாட்டிகா யாருடைய காதுக்காகச் செய்யப்பட்டது என்பதற்கு இந்த இருவரையும் விட நல்ல சாட்சி கிடையாது.

அந்த ஹவாய் எங்கே?

இரண்டாம் உலகப் போர் லட்சக்கணக்கான அமெரிக்க இளைஞர்களைப் பசிபிக் தீவுகளுக்குக் கொண்டுபோனது. திரும்பியவர்கள் ரத்தத்தை மறக்கவும் தென்னை மரத்தை நினைக்கவும் விரும்பினார்கள். ஜேம்ஸ் மிச்னரின் தென் பசிபிக் கதைகள் 1948-இல் புலிட்சர் பரிசு பெற்றன. அடுத்த ஆண்டே பிராட்வேயில் இசை நாடகமாயின. மூங்கிலும் மரச்சிலையும் வைத்த டிக்கி மதுக்கூடங்கள் ஊருக்கு ஊர் முளைத்தன. டென்னியின் தட்டு அந்தக் கனவுக்குப் பின்னணி இசை.

அந்தக் கனவில் ஹவாய் மக்களின் வரலாறு இல்லை. அவர்களின் அரசி லிலியுஓகலானியை 1893-இல் பதவியிலிருந்து இறக்கினார்கள். 1896-இல் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி என்று சட்டம் வந்தது. 1898-இல் தீவுகளை அமெரிக்கா இணைத்துக்கொண்டது. டென்னி சேகரித்து வாசித்தவை பர்மிய மணிகளும் ஜப்பானியக் கோட்டோவும். ஹவாயின் சொந்தப் பாட்டுக்கு அங்கே இடம் குறைவு. எக்ஸாட்டிகா மீதான இந்தக் குற்றச்சாட்டு நியாயமானது.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. லைமன் தீவின் பிள்ளை. அவர் உடம்பில் ஹவாய் ரத்தமும் சீன ரத்தமும் ஓடின. பறவைக் குரல் கொடுத்த கோலோன் ஹவாயில் குடியேறிய போர்த்தோ ரிக்கோ வழிவந்தவர். தங்கள் ஊரைப் பற்றிய கற்பனையைத் தாங்களே வாசித்துச் சம்பாதித்தவர்கள் இவர்கள். ஜப்பானிலிருந்து ஒரு பதிலும் வந்தது. டென்னியின் 'ஃபயர்கிராக்கர்' என்ற கீழைத்தேசப் பாவனை உருப்படியை, ஹருஓமி ஹோசொனோவின் எல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ரா 1978-இல் சிந்தசைசரில் வாசித்து, நடன மேடைக்கு ஏற்றியது. யாரைப் பற்றிய கற்பனையோ அவர்களே அதைக் கேலியும் பாசமுமாகத் திருப்பிக் கொடுத்தார்கள்.

குப்பையில் கிடைத்த புதையல்

1960களின் நடுவில் பீட்டில்ஸ் வந்தார்கள், ராக் வந்தது. வியட்நாம் போர் மூண்டதும் ஆசியக் காடு என்றால் கனவு கலைந்து சவப்பெட்டி நினைவுக்கு வந்தது. அப்பா அம்மாவின் தட்டுகளைப் பிள்ளைகள் சில்லறைக் காசுக்குத் தள்ளிவிட்டார்கள்.

அங்கிருந்து மீட்டவர்களில் வானொலிக்காரர்களுக்குப் பெரிய பங்கு. நியூஜெர்சியில் விளம்பரமே இல்லாமல் நேயர் நன்கொடையில் ஓடும் டபிள்யூ.எஃப்.எம்.யூ. நிலையத்தின் இர்வின் சூசிட், மறந்துபோன எஸ்கிவெல்லைத் தேடியெடுத்து 1994-இல் ஒரு தொகுப்பு வெளியிடக் காரணமானார். மெக்சிகோவில் படுக்கையில் கிடந்த எஸ்கிவெல், சாவதற்கு முன் தனக்குப் புதுத் தலைமுறை ரசிகர்கள் கிடைத்ததைக் கண்டுவிட்டுப் போனார். 1996-இல் கேபிடல் நிறுவனமே தன் கிடங்கைத் திறந்து 'அல்ட்ரா-லவுஞ்ச்' என்ற சி.டி. வரிசையைக் கொண்டுவந்தது. முதல் தொகுதியே எக்ஸாட்டிகாதான்.

2000-இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய சோமா எஃப்.எம். இணைய வானொலி 'இல்லினாய்ஸ் ஸ்ட்ரீட் லவுஞ்ச்' என்ற பெயரில் இந்த இசைக்கென்றே ஓர் அலைவரிசை நடத்துகிறது. அதற்கும் ஒரு கண்டம் வந்தது. 2002-இல் இணைய வானொலிகள் ஒரு பாட்டுக்கு, ஒரு நேயருக்கு இவ்வளவு என்று ராயல்டி கட்ட வேண்டும் என்ற விதி வந்தபோது, கட்டுப்படியாகாமல் நிலையம் வாயை மூடியது. சிறு நிலையங்களுக்குச் சலுகை தரும் சட்டம் அந்த ஆண்டின் பிற்பகுதியில் வந்த பிறகே மீண்டும் ஒலித்தது.

தேர்வாளர் எதற்கு?

இன்று இந்தத் தட்டுகளில் பெரும்பாலானவை கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. 'லவுஞ்ச்' என்று தட்டினால் இயந்திரமே நாள் முழுக்கப் போட்டுக்கொண்டிருக்கும். பிறகு வானொலி நிகழ்ச்சியும் தேர்வாளரும் எதற்கு?

இலங்கை வானொலியில் படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று அறிவித்துவிட்டுப் பாட்டுப் போட்ட காலத்தில் வளர்ந்தவர்களுக்குப் பதில் தெரியும். அந்த ஒரு வரி அறிவிப்பால்தான் பாட்டுக்குப் பின்னால் ஆள் இருக்கிறார் என்று நம் தலைமுறை கற்றுக்கொண்டது. எக்ஸாட்டிகாவுக்கு அந்த ஒரு வரி இன்னும் அவசியம். சொல்லாமல் போட்டால் கோர்லா பண்டிட் வெறும் மர்ம இந்தியர், லைமன் வெறும் பறவைக் கூச்சல். சொல்லிப் போட்டால் முதலாவது இனப்பாகுபாட்டின் வரலாறு; இரண்டாவது நள்ளிரவில் குவிமாடத்துக்குள் உட்கார்ந்து உழைத்த நான்கு பேரின் வித்தை. பொய்யால் செய்த இசையை உண்மை தெரிந்து ரசிப்பதற்கு, கூடவே ஒரு குரல் வேண்டும். கான்சாஸ் நிகழ்ச்சியின் பெறுமானம் அதில்தான் இருக்கிறது.

கேட்க நினைப்பவர்கள் ஸ்டீரியோவில் பதிவான 'குவயட் வில்லேஜி'லிருந்து தொடங்கலாம். அடுத்து லைமனின் 'டாபூ', பிறகு எஸ்கிவெல்லின் 'லாட்டின்-எஸ்க்', கடைசியாக யிமா சுமாக். ஹெட்போன் கட்டாயம், கைப்பேசியின் ஒலிபெருக்கியில் கேட்டால் இந்த இசையில் பாதி காணாமல் போய்விடும். அப்படியே, உங்கள் ஊரிலோ இணையத்திலோ பெயரும் ஆண்டும் சொல்லிப் பழைய பாட்டுப் போடும் நிகழ்ச்சி ஒன்று இருந்தால், அதற்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நன்கொடை கேட்டால் கொடுங்கள். அமெரிக்காவில் இந்தத் தட்டுகள் குப்பையிலிருந்து மீண்டதில் நேயர்கள் அனுப்பிய பணத்துக்கும் பங்கு உண்டு.